முள்ளம்பன்றி வெட்டிய கேபிள்

அக்டோபர் 3, செவ்வாய்

தோணிக்கரட்டுக்கு வந்து சேர்ந்தேன். வத்தலக்குண்டிலிருந்து ஜீப்பில் இரண்டரை மணி நேரம். மலைப்பாதையில் மூன்று முறை வண்டி நின்றது. மூன்றும் ஜீப் ஓட்டும் ஒச்சுவின் மனைவி முத்துச்சுடர் வாந்தி எடுக்க. அவளுக்கு எட்டாவது மாதம். எனக்கும் குமட்டியதுதான், ஆனால் வேலைக்கு வந்த இடத்தில் முதல் நாளே இறங்கி நிற்பது மரியாதையில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

வேலை இதுதான். வனத்துறைச் சோதனைச் சாவடிவரை மெயின் கேபிள் வந்து நிற்கிறது. அங்கிருந்து ஊருக்கு ஏழு கிலோமீட்டர். கேபிளைப் போட்டுவிட்டு முந்தைய குழு போய்விட்டது. நானும் லைன்மேன் இருளப்பண்ணனும் முனைகளை ஒட்டி, சோதித்து, 31ஆம் தேதி ஒப்படைக்க வேண்டும். நர்ஸ் இருக்கும் துணை சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், சேவை மையம், மூன்றுக்கும் இணைப்பு. ஒப்படைத்ததும் எனக்கு மதுரை அலுவலகத்தில் மேஜை வேலை. பதினோரு வருடத்துக்குப் பிறகு வெயிலும் மழையும் படாத வேலை. எல்லாரும் நல்ல செய்தி என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

பவுனுத்தாய் என்பவர் வீட்டில் பக்கத்து அறை வாடகைக்கு. காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர், நாற்பத்தெட்டு வயது இருக்கும். கொண்டு வந்த இயந்திரப் பெட்டிகளை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஊரில் செல்போன் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். சிக்னல் பாறை என்றே பெயர். மாலை ஆறு மணிக்கு ஏறி அருப்புக்கோட்டையில் இருக்கும் கணவரை அழைத்தேன். அவர் பெருங்காயம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். கடுகு எங்கே என்று கேட்டார். அதற்குப் பக்கத்தில் என்றேன். அடுத்ததைக் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பாறையில் ஒரு படி கீழே இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று குறித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 4, புதன்

குழி தோண்ட ஆள் கேட்டிருந்தேன். பெண்கள் வருவார்கள் என்றார்கள். காலை எட்டு மணிக்குப் பார்த்தால் ஊரில் ஒரு பெண் இல்லை. எல்லாரும் தலை சீவி, பூ வைத்து, ஒச்சுவின் ஜீப்பில் வெளியே தொங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“புதன்கிழமை பயிற்சி மேடம்” என்றார் இருளப்பண்ணன். இந்தப் பக்கத்துக்காரர், விசாரித்து வைத்திருந்தார். “மகளிர் குழுவுக்குக் காளான் வளக்கச் சொல்லிக் குடுக்கறாங்க. வத்தலக்குண்டுல.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசமா.”

“ஊர்ல காளான் எங்க வளக்கறாங்க?”

இருளப்பண்ணன் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல இருக்கு என்றார்.

ஆறரைக்குத் திரும்பி வந்தார்கள். ஜீப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் ஜீப் வந்தது. பவுனக்கா எனக்கு ஒரு பொட்டலம் தந்தார். பரோட்டா. சால்னா தனியாகக் கட்டியிருந்தார்கள்.

அக்டோபர் 6, வெள்ளி

முதல் மூன்று கிலோமீட்டர் மின்கம்பத்தில் தொங்கும் கேபிள். உள்ளே பெயருக்குக்கூட இரும்பு கிடையாது. இழுவை தாங்குவதற்கு மஞ்சள் நூல் சுற்றியிருக்கும், அவ்வளவுதான். மின்கம்பியோடு சேர்ந்து போவதால் இரும்பு இருந்தால் ஆபத்து.

அதன் கடைசி முனையை ஒட்டும்போது குழி தோண்ட வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். கேபிள் தோலை உரித்து, மஞ்சள் நூலை வெட்டி, உள்ளே இருக்கும் குழாய்களைத் திறந்தேன். குழாய்க்குள் பசை. தண்ணீர் புகாமல் இருக்க. பசையைத் துடைத்ததும் கண்ணாடி இழைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

“இம்புட்டுக் கஷ்டப்பட்டு உள்ள என்ன இருக்குன்னு பாத்தா முடி” என்றார் பவுனக்கா.

“முடி இல்லக்கா. கண்ணாடி. இதுக்குள்ள வெளிச்சம் ஓடும்.”

“கண்ணாடின்னா வளைக்கவும் ஒடஞ்சிரும்ல?”

“இத்தனை மெல்லிசா இழுத்தா ஒடையாது.”

ஒரு ஊதா இழையைக் கேட்டு வாங்கி விரலில் வைத்துப் பார்த்தார். இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷினின் திரையில் இரண்டு முனைகளும் நகர்ந்து வந்து, ஒரு பொறி பறந்து, ஒன்றாகிப் போனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் “ம்” என்றார்கள். பதினோரு வருடத்தில் என் வேலையை இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்ததில்லை. இன்று பத்து இழைகளை மெதுவாகவே ஒட்டினேன்.

அக்டோபர் 9, திங்கள்

சாவடியிலிருந்து ஊர்வரை வெளிச்சம் வந்துவிட்டது. ஏழு கிலோமீட்டரும் சுத்தம். சோதனைக்காக நர்ஸ் அறையில் மட்டும் ஒரு மோடத்தைத் தற்காலிகமாக மாட்டி வைத்தேன். எட்டு நாளில் முடித்துவிடலாம் என்று மேனேஜர் ரகுநந்தனிடம் பாறையிலிருந்து சொன்னேன்.

அவர் ஒரு எண் கொடுத்தார். மகளிர் குழுப் பயிற்சி அலுவலர் தணிகைவேல். அழைத்தேன். நேரில் பார்த்ததில்லை, குரல் மிக மரியாதையான குரல். “லைன் வந்ததும் சேவை மையத்துல ஒரு திரை மாட்டிடுவோம் மேடம். பாவம் அந்தப் பொம்பளைங்க, இனி மலை எறங்கி அலைய வேண்டாம். உக்காந்த எடத்துலயே பயிற்சி.”

இந்த நல்ல செய்தியை பவுனக்காவிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். ஒருத்தி எழுந்து போய் ஆட்டைக் கட்டினாள். ஆடு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இரவுக் காப்பியில் சர்க்கரை இல்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

வெளிச்சம் நின்றுவிட்டது. ஓடிடிஆர் மிஷின் ஒரு முனையிலிருந்து ஒளியைத் தட்டி அனுப்பும். உடைந்த இடத்தில் பட்டு அது திரும்பி வருவதை வைத்து எத்தனை மீட்டரில் உடைந்தது என்று சொல்லிவிடும். சாவடியிலிருந்து 1,870 மீட்டர். போய்ப் பார்த்தோம். பாதை உயர்ந்து கம்பம் தாழ்ந்த இடம். மேட்டில் நின்றால் கேபிள் கைக்கு எட்டும். அறுந்து தொங்கியது.

“கொரங்கு” என்றார் இருளப்பண்ணன்.

வெட்டு நேராக இருந்தது. மேட்டில் புதிதாகத் துப்பிய வெற்றிலைச் சாறு இருந்தது.

மேனேஜருக்கான அறிக்கையில் குரங்கு என்று எழுதினேன். இந்த மலைக் குரங்குகளுக்குப் பல் வரிசை நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 12, வியாழன்

சரிசெய்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒட்டை மூடும் ஜாயிண்ட் பாக்ஸ், நடுவில் புதுத் துண்டு. ஒட்டும்போது தூறல். பவுனக்கா தோட்ட வேலையை விட்டு வந்து, நாலு மணி நேரம் எனக்குக் குடை பிடித்தார். “பாவம், எம்புட்டு நுணுக்கமான வேல” என்று இரண்டு முறை சொன்னார். கை வலித்திருக்கும். குடையை ஒரு முறைகூட மாற்றிப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 14, சனி

அட்டை. இடது காலில் நான்கு, வலது காலில் இரண்டு.

அக்டோபர் 16, திங்கள்

மறுபடி உடைப்பு. இந்த முறை இரண்டாவது பகுதி. சாவடியிலிருந்து மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு கம்பங்கள் இல்லை. அங்கே மண்ணுக்குள் கறுப்புக் குழாய் புதைத்து, குழாய்க்குள் கேபிளைச் செலுத்தியிருக்கிறார்கள். இந்தக் கேபிள் மெலிதானது. பாதுகாப்பு எல்லாம் குழாய் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்தது.

4,212 மீட்டரில் தோண்டினோம். குழாயோடு சேர்த்து இரண்டு துண்டு.

“காட்டுப்பன்னி” என்றார் இருளப்பண்ணன். “கெழங்குக்குத் தோண்டும்.”

தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு, மிதித்து, மேலே சருகைப் பரப்பிவிட்டுப் போயிருந்தது பன்றி.

“நல்ல வளர்ப்பு” என்றேன்.

“இந்தப் பக்கத்துப் பன்னிக அப்பிடித்தேன் மேடம்.”

இருளப்பண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காட்டுப்பன்றி என்று எழுதினேன்.

அக்டோபர் 18, புதன்

பெண்கள் கீழே போய்விட்டார்கள். பன்றி உடைத்ததைச் சரிசெய்து முடித்துவிட்டு ஆறு மணிக்குப் பாறையிலிருந்து வீட்டுக்கு அழைத்தேன்.

அவர் உற்சாகமாக இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் யாரோ சொன்னார்களாம். “அங்க லைன் வந்துட்டா ஒன் ரூம்லயே வைஃபை இருக்கும்ல? வீடியோல வந்துரலாம். நாள் முழுக்க ஆன்லயே போட்டு வச்சிரு. எனக்கு ஒண்ணு வேணும்னா உடனே கேட்டுக்கலாம். மகளும் ஹாஸ்டலுக்குப் போயிருச்சு, வீடே வெறிச்சுன்னு கெடக்கு.”

நல்லது என்றேன். நிஜமாகவே நல்லதுதான். பதினெட்டு வருடமாக என் மேல் ஒரு குறையும் சொல்லாத மனிதர்.

திரும்பி வந்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். பிறகு அதையும் பிரித்து மறுபடி ஒட்டினேன். தரம் முக்கியம்.

அக்டோபர் 20, வெள்ளி

இன்னும் உடையாமல் மீதி இருப்பது கடைசி ஒரு கிலோமீட்டர், ஊரை ஒட்டிய பாறை நிலம். அங்கே குழாய் புதைக்க ஆழம் கிடைக்காது. அதனால் கவசம் போட்ட கேபிளை நேராக மண்ணில் போட்டிருக்கிறார்கள். உள்ளே அதே கண்ணாடி இழைகள்தான். ஆனால் சுற்றிலும் நெளிநெளியான எஃகுத் தகடு, அதற்கு மேல் தடித்த தோல்.

பெண்களிடம் ஒரு துண்டைக் காட்டினேன். “இதக் காட்டுல எந்த மிருகமும் கடிக்க முடியாது” என்றேன்.

பவுனக்கா அதை வாங்கி எடை பார்த்தார். “தகடு எம்புட்டு கனம்?”

“தாள் கனந்தான்க்கா. கால் மில்லிமீட்டர்கூட இல்ல.”

“அம்புட்டுத்தேனா” என்றார்.

ஏன் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். கேட்டார், சொன்னேன். தொழில் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. ஸ்ப்ளைசிங் மிஷினுக்கும் ஓடிடிஆர் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பவுனக்கா தன் கருவிகளையும் கொண்டுவந்து பக்கத்தில் அடுக்கினார். மண்வெட்டி, கூடை, காப்பிச் செடி கவாத்து செய்யும் நீளக் கைப்பிடிக் கத்தரி. கத்தரியைப் புதிதாகச் சாணை பிடித்திருந்தது.

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கத்தரிக்கும்.

அக்டோபர் 24, செவ்வாய்

கவசக் கேபிளும் போய்விட்டது. ஊரிலிருந்து 640 மீட்டர். குழியைத் திறந்து முனைகளை வெளியே எடுத்து வைத்திருக்கிறோம். எஃகுத் தகடு கத்தரித்த இடத்தில் உள்ளே மடிந்திருக்கிறது.

“முள்ளம்பன்னி” என்றார் இருளப்பண்ணன், நான் கேட்பதற்கு முன்பே.

பாறையிலிருந்து மேனேஜரிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “அரசி, 31க்குள்ள முடியலன்னா கான்ட்ராக்டையே எடுத்துருவாங்க. ஒங்க மதுரை வேலையும் இல்ல, அந்த லைன்மேனும் வீட்டுக்குத்தான். போலீஸ்ல புகார் எழுதிக் குடுங்க. ஆளு யாருன்னு அவங்க பாத்துக்கட்டும்.”

“ஆளு இல்ல சார். முள்ளம்பன்றி.”

“நிச்சயமா?”

“பல் தடம் இருக்கு சார்.”

இன்று தேதி போட்டு ஒன்று எழுதுகிறேன். எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் இங்கே எழுதுவேன், இங்கே எழுதினால் அறிக்கையிலும் எழுத வேண்டிவரும்.

அக்டோபர் 25, புதன்

விடிந்ததிலிருந்து நல்ல மழை. அப்படியும் ஜீப் எட்டு மணிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பத்தரைக்கு நர்ஸ் கிளாரா சிஸ்டர் நனைந்தபடி ஓடி வந்தார். முத்துச்சுடருக்குத் தலைவலி, கண் இருட்டுகிறது, கால் வீங்கிவிட்டது, ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு மேல். பாறையில் ஏறி ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. மழையில் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். ஊரில் இருக்கும் ஒரே வண்டி வத்தலக்குண்டில் நிற்கிறது, அவள் புருஷனோடு.

“டாக்டர் பாக்கணும்ங்கறாரு. பாறைல நின்னு பேசுனா அவ பக்கத்துல ஆளு இல்ல. அவ பக்கத்துல இருந்தா டாக்டர் இல்ல. ஒங்க லைன் என்னாச்சு?”

என் லைன் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

“அவகிட்ட போங்க சிஸ்டர். பொட்டியில பச்சை லைட் எரிஞ்சதும் டாக்டரக் கூப்புடுங்க” என்றேன். எவ்வளவு நேரமாகும் என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் மழையில் இறங்கிவிட்டேன்.

குழிக்குள் கணுக்கால்வரை தண்ணீர். இருளப்பண்ணன் தார்ப்பாயை இரண்டு மரத்தில் கட்டி, போதாமல் தானும் அதன் கீழே முதுகைக் கொடுத்து நின்றார். இருபத்துநான்கு இழையையும் ஒட்டினால் மாலையாகிவிடும். ஒன்று போதும். நீலம், சிஸ்டர் அறைக்குப் போகிற இழை. வெட்டுப்பட்ட கேபிளை இழுத்துச் சேர்க்க மீதம் இல்லாததால் நடுவில் ஒரு துண்டு வைத்து இரண்டு ஒட்டு. தகட்டை உரித்தபோது விரலைக் கிழித்தது. பசையைத் துடைத்தேன், ஸ்பிரிட் போட்டேன், முனையை வெட்டினேன். முதல் ஒட்டு பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் என் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து கெட்டது. மறுபடி உரித்து, துடைத்து, வெட்டினேன். மறுபடியும் கெட்டது. அவசரத்தில் முனையைக் கோணலாக வெட்டிவிட்டேன் என்பதை மிஷின் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இழை முனை திரையில் ஒரு தூண் மாதிரி பெரிதாகத் தெரியும். அந்தத் தூணின் தலை சாய்ந்திருந்தது.

“மெதுவா மேடம்” என்றார் இருளப்பண்ணன். “பத்து பேரு சுத்தி உக்காந்து பாக்கறாங்கன்னு நெனச்சுக்கங்க.”

மூன்றாவது முறை பொறி பறந்தது. பதினொன்று ஐம்பது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது பச்சை விளக்கு எரிந்தது. சிஸ்டரின் மேஜையில் சாய்த்து வைத்த போனில் டாக்டர் முகம். முத்துச்சுடரின் காலை அழுத்திக் காட்டச் சொன்னார், கண்ணைத் திறந்து காட்டச் சொன்னார். எந்த ஊசி, எவ்வளவு, எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், சிஸ்டர் போட்டார். இரண்டு ஊசி. அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு மணி நேரம் அந்தத் திரையிலேயே இருந்தார். நடுவில் அவர் டீ குடித்தது தெரிந்தது.

ஆறரைக்கு ஜீப் வந்தபோது எப்போதும்போல் சிரிப்புதான் முதலில் வந்தது. சிஸ்டர் வெளியே போய் ஒச்சுவிடம் விவரம் சொன்னார். ஒச்சு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே போனான். பெண்கள் தலையில் பூவோடு பாதையில் நின்றார்கள்.

அக்டோபர் 26, வியாழன்

காலையில் பவுனக்கா காப்பி கொண்டுவந்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் வாசல்படியில் உட்கார்ந்தார்.

“முள்ளம்பன்னின்னு எழுதிட்டியாமே?”

“ஆமாக்கா.”

“அந்த முள்ளம்பன்னி நாந்தேன்.”

“தெரியும்க்கா.”

“எப்பருந்து?”

“கொரங்கா இருந்தப்பருந்தே.”

பிறகு தரையைப் பார்த்தே பேசினார்.

“நான் வாக்கப்பட்டு வந்து இருவத்தெட்டு வருசம். கீழ எறங்கணும்னா ஒரு காரணம் வேணும். பிரசவம், எழவு, ஆஸ்பத்திரி. சும்மா எறங்குறேன்னா என்னத்துக்குங்கறாங்க. அப்பத்தேன் இந்தக் காளான் வந்துச்சு. கவர்மெண்டுப் பயிற்சி, போகாட்டி பேர அடிச்சிருவாங்கன்னு சொல்லிட்டோம். ஒரு ஆம்பள வாயத் தொறக்கலையே. ஒரு மணிக்குப் பயிற்சி முடிஞ்சிரும். அங்கிட்டுப் பரோட்டா திம்போம். அப்புறம் பஸ் ஸ்டாண்டுல போயி வரிசையா ஒக்காந்துக்குவோம்.”

“எங்க போக?”

“எங்கயும் போக இல்ல. எந்தெந்த ஊருக்கு பஸ் போகுதுன்னு பாக்கறது. யாரும் வந்து என்னத்துக்கு ஒக்காந்திருக்கன்னு கேக்க மாட்டாக. அம்புட்டுத்தேன் அரசி. வேற ஒண்ணும் கெடையாது.”

நான் காப்பியைக் குடித்தேன். சர்க்கரை இருந்தது.

“கேபிள்னா சினிமா வாற ஒயருன்னு நெனச்சேன்” என்றார். “உசுரு ஓடுற ஒயருன்னு எனக்குத் தெரியாதுத்தா. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. குரங்கு, பன்றி, முள்ளம்பன்றி என்று எழுதி அனுப்பியவளும் நான்தான், நல்ல ஒட்டை இரண்டு முறை பிரித்து ஒட்டியவளும் நான்தான் என்று சொன்னேன்.

முந்தானையை விலக்கிப் பார்த்தார். “அது எதுக்குச் செஞ்ச?”

“தெரியலக்கா.”

“எனக்குத் தெரியும்” என்றார். “நீ பாறைல ஒரு படி கீழ எறங்கி நின்னு போன அமத்துறத நான் தோட்டத்துலருந்து தெனமும் பாக்கறேன்.”

அக்டோபர் 27, வெள்ளி

பதினான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். குழி தோண்டினார்கள், கல் பொறுக்கினார்கள், ஜாயிண்ட் பாக்ஸைச் சுற்றி மணல் கொட்டினார்கள். பவுனக்காவுக்கு உரிக்கக் கற்றுக்கொடுத்தேன். இழையின் வண்ணப் பூச்சை ஒரே இழுப்பில் எடுக்கிறார். நான் அதைக் கற்க ஆறு மாதம் ஆனது.

மாலையில் ஒச்சு வந்தான். பெண் குழந்தை. இரண்டு கிலோ சொச்சம். தாய்க்கு இன்னும் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அவன் சொல்லி முடிப்பதற்குள் பவுனக்கா அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். என்ன விஷயமென்று புரியாமல் அவனும் அழுதான்.

அக்டோபர் 29, ஞாயிறு

இருபத்துநான்கு இழையும் சுத்தம். இனி கட்டடங்களுக்குள் நிரந்தர இணைப்பு கொடுக்க வேண்டியதுதான்.

வாசல்வரை போவது தட்டையான டிராப் கேபிள். அதற்குப் பிறகு சுவர்ப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு ஒரு முழ நீள மஞ்சள் பேட்ச் கார்டு. இதில் இரண்டு வகை உண்டு. புது வகை, எப்படி வளைத்துச் சொருகினாலும் வெளிச்சத்தைக் கசியவிடாது. பழைய வகை, இறுக்கி வளைத்தால் வளைவில் வெளிச்சம் வெளியே போய்விடும். உடையாது, கெடாது. நேராக்கினால் பழையபடி வேலை செய்யும்.

என் பெட்டியில் இரண்டும் இருந்தன. சிஸ்டர் அறைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புது வகையைப் போட்டேன். சேவை மையத்துக்குப் பழையது.

மாட்டும்போது பக்கத்தில் நின்ற பவுனக்கா, சேவை மையச் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்று சொன்னார். பிறகு, “இத வெட்டாமக் கொள்ளாம தூங்க வைக்க முடியுமா?” என்று கேட்டார்.

தொழில் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. ஒரு பென்சிலை எடுத்து, மஞ்சள் கார்டை அதன் மேல் ஐந்து சுற்றுச் சுற்றினேன். மோடத்தில் விளக்கு சிவப்பானது. கழற்றினேன். பச்சையானது.

“சிஸ்டருக்கு?”

“அது தனி இழை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீலத்த யாரும் தொட முடியாது.”

பவுனக்கா பென்சிலை வாங்கிக் கொண்டையில் சொருகிக்கொண்டார்.

நான் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு கேள்விக்கு விளக்கம் சொன்னேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஒப்படைத்தாகிவிட்டது. மேனேஜரே வந்தார். மூன்று இடமும் சோதித்தார், மூன்றிலும் பச்சை. அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, “ஏழு கிலோமீட்டர்ல கொரங்கு, பன்னி, முள்ளம்பன்னி. மிருகக் காட்சி சாலை வழியா லைன் இழுத்த மாதிரி இருக்கு” என்றார். இருளப்பண்ணன் வானத்தைப் பார்த்தார். மழை இல்லை.

மதுரை மேஜை பற்றிச் சொன்னார். வேண்டாம் சார் என்று சொன்னேன். அவரைவிட எனக்குத்தான் அது ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த வேலை ஏலக்காய் மலைப் பக்கம், மூன்று மாதம், அங்கே யானை என்றார். சரி என்றேன்.

மாலையில் சிஸ்டர் அறையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வீடியோவில் அழைத்தேன். முகம் தெளிவாகத் தெரிந்தது. சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். மதுரைக்கு வரவில்லை, இன்னொரு மலைக்குப் போகிறேன் என்றேன்.

பதில் இல்லை. பாறையாக இருந்தால் சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பேன். இந்த லைனில் அப்படி நினைக்க வழியில்லை. ஒரு சொட்டு நஷ்டமில்லாமல் அவர் பேசாமல் இருப்பது வந்து சேர்ந்தது. நானே ஒட்டிய ஒட்டு.

“ஏன்?” என்றார் கடைசியில்.

“எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குங்க.”

“பதினோரு வருசமா ஒரு தடவகூட நீ அப்பிடிச் சொன்னதில்லையே.”

“நீங்க கேட்டதில்லைங்க. நானும் கேட்டதில்ல.”

நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவரும் துண்டிக்கவில்லை. பிறகு, “ஆம்பளைங்களுக்குச் சமையல் சொல்லித் தர்ற பயிற்சி எதும் கவர்மெண்டுல நடத்துறாங்களா?” என்று கேட்டார். கேலியா நிஜமா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜம்தான்.

விசாரிக்கிறேன் என்றேன்.

நவம்பர் 1, புதன்

ஊருக்குத் திரும்ப பஸ் வத்தலக்குண்டில் மூன்று மணிக்கு. காலை ஜீப்பிலேயே போய்விடலாம் என்று ஏறினேன். பதினாறு பேர், ஸ்ப்ளைசிங் மிஷின் பவுனக்கா மடியில்.

இன்று திரையில்தான் பயிற்சி என்று அறிவித்திருந்தார்கள். விடிகாலையில் சேவை மையத்தில் எப்படியோ சிவப்பு விளக்கு. ஒச்சு பாறையில் ஏறி அலுவலகத்துக்குச் சொன்னானாம், எப்போதும்போல் கீழேயே வரச் சொல்லிவிட்டார்களாம். கிளம்பும் முன் நான் சிஸ்டர் அறையை மட்டும் எட்டிப் பார்த்தேன். பச்சை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நானும் பயிற்சிக் கூடத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கதர்ச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர் மேடையில் நின்று, வைக்கோலை எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும் என்று விளக்கினார். பெண்கள் எல்லாரும் அக்கறையாகத் தலையாட்டினார்கள். இரண்டு வருடமாக அதே வைக்கோல்தான் என்று பவுனக்கா காதில் சொன்னார்.

நடுவில் அவர் நிறுத்திவிட்டு, “ஒரு நிமிஷம்மா, அந்த லைன் மேடத்துக்கிட்டச் சொல்லிடறேன். பாவம் நீங்க இந்த மழையில வந்திருக்கீங்க” என்று போனை எடுத்தார்.

என் பை அடித்தது.

மூன்று வரிசையும் திரும்பவில்லை. பதினைந்து பெண்களும் நேராகச் சுவரில் இருந்த காளான் படத்தைப் பார்த்தார்கள். நான் முன்வரிசைக்காரியின் முதுகுக்குப் பின்னால் குனிந்து போனை எடுத்தேன்.

“மேடம், தணிகைவேல் பேசறேன். தோணிக்கரட்டுல சேவை மையம் மட்டும் இன்னிக்கு வேலை செய்யல.”

“எங்கயும் உடைப்பு இல்ல சார்” என்றேன், மெல்லிய குரலில். “நாளைக்குத் தானா வந்துரும்.”

“அப்பிடியா. நல்லது மேடம்” என்றார், மேடையிலிருந்தும் போனிலிருந்தும் ஒரே நேரத்தில்.